தட்டினால் விடும்

கீழே இறங்கிய இரும்புத் தலை மேலே ஏறவில்லை. பிரஸ் மிஷினின் முன்னால் நின்ற பெண் இரண்டு பொத்தான்களிலிருந்தும் கையை எடுத்துவிட்டு ஒரு நொடி பார்த்தாள், இன்னொரு நொடி பார்த்தாள். தலைக்கும் பலகைக்கும் நடுவில் அகப்பட்ட ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பின் ஓரத்திலிருந்து முதலில் ஆவி வந்தது. பிறகு புகை வந்தது. பிறகு கருகிய துணி வாடை கூடம் முழுக்கப் பரவ ஆரம்பித்தது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "கரண்டைக் கூப்பிடுங்கடி, மறுபடி ஒட்டிக்கிச்சு" என்று பின்னால் திரும்பிச் சொல்லிவிட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கரண்டு என்பது அந்தச் சலவைக் கூடத்தின் ஒரே எலக்ட்ரீசியன். கூப்பிட்டவள் அவன் பெண்டாட்டி. வீட்டில் "ஏங்க" என்று கூப்பிடுகிறவள், கூடத்துக்குள் காலெடுத்து வைத்தால் எல்லாரையும் போலக் கரண்டு என்றுதான் சொல்வாள். மற்ற பெண்களுக்கு அவன் கரண்டு அண்ணன், அவள் கரண்டு அண்ணி. கல்யாணமாகி வந்த புதிதில் அவளை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவன்தான். பக்கத்திலேயே இருக்கலாமே என்ற ஆசைதான் காரணம், வேறென்ன.

அந்த மிஷின் ஒட்டிக்கொள்வதும் அதைப் பிரிப்பதும் அங்கே தினசரிக் கூத்தாகிவிட்டிருந்தது. பேனல் பெட்டியின் பக்கத்தில் ஒரு மரக்கட்டை கிடக்கும். தலை ஒட்டிக்கொண்டால் யாராவது அந்தக் கட்டையை எடுத்துப் பெட்டிக் கதவில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார்கள். 'டொக்' என்று உள்ளே ஏதோ விடும், புஸ்ஸென்று காற்று வெளியேறும், தலை மேலே போய்விடும். ஆரம்பத்தில் கரண்டு பெட்டியைத் திறந்து, ஸ்குரூ டிரைவரின் பிடியால் உள்ளே மெல்லத் தட்டி விடுவித்தான். அதைப் பார்த்த பெண்கள், இதுக்கு எதுக்கு எலக்ட்ரீசியன், கதவைத் தட்டினால் போதுமே என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சூப்பர்வைசருக்கு ஏக சந்தோஷம். அவருக்கு ஆகட்டும் என்று பெயர். எதைச் சொன்னாலும் "ஆகட்டும், பார்ப்போம்" என்பார். அதோடு அந்த விஷயம் செத்தது.

அன்றைக்கு மரக்கட்டைக்கு அது மசியவில்லை. மெயினை அணைத்த பிறகுதான் தலை ஏறியது. விரிப்பை உருவி எடுத்தார்கள், நடுவில் தோசைக்கல் அளவுக்குப் பழுப்பு. கரண்டு பெண்டாட்டியை மடிக்கிற மேஜைக்கு அனுப்பிவிட்டுப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தான்.

விஷயம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. காற்று அழுத்தினால் தலை இறங்கும். காற்று நின்றால் ஸ்பிரிங் அதைத் தூக்கிவிடும். காற்றைத் திறந்து மூடுவது ஒரு வால்வு. அந்த வால்வுக்குக் கரண்ட் விடுவதும் நிறுத்துவதும் பெட்டிக்குள் இருக்கும் பி.எல்.சி. என்கிற குட்டிக் கம்ப்யூட்டர். அதன் அவுட்புட் கார்டில் வரிசையாக ரிலேக்கள். ரிலே என்றால் விரல் நுனி அளவு சுவிட்சு, அதற்குள் இரண்டு உலோக முனைகள். ஒட்டினால் கரண்ட் போகும், விலகினால் நிற்கும். வால்வுக்குள் இருக்கும் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, அணைக்கும் ஒவ்வொரு தடவையும் அது கழுதை மாதிரிப் பின்னால் உதைக்கும். அந்த உதையில் முனைகளுக்கு நடுவே பொறி பறக்கும். உதையை வாங்கிக்கொள்ள வால்வின் பிளக்குக்குள் ஒரு சின்னப் பொருள் இருக்க வேண்டும். எப்போதோ அந்தப் பிளக் உடைந்து, ஸ்டோரில் கையில் கிடைத்த வெறும் பிளக்கை யாரோ மாட்டிவிட்டிருந்தார்கள். யார் என்று கேட்டால் எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். இத்தனை மாதப் பொறியில் முனைகள் உருகி உருகி ஒன்றோடொன்று பற்றிக்கொண்டன. முதல் ரிலே போனதும் கம்பியைக் காலியாக இருந்த ரிலேவுக்கு மாற்றினார்கள். அதுவும் போனதும் அடுத்த காலிக்கு. இப்போது காலி என்று ஒன்றும் இல்லை.

அவன் மெயினைப் போட்டுப் பார்த்தான், தலை மறுபடியும் இறங்கிக்கொண்டது. கார்டில் அந்த ரிலேக்குரிய பச்சை விளக்கு அணைந்திருந்தது. அதாவது பி.எல்.சி. "விடு" என்று சொல்லியாயிற்று. மீட்டரின் முனையை வைத்தால் வால்வுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. சிவப்பு எமர்ஜென்சி பொத்தானை அழுத்திப் பார்த்தான். அதுவும் பி.எல்.சி.யிடம்தான் போய்ச் சொல்லும், பி.எல்.சி. மறுபடியும் "விடு" என்று சொல்லும், அவ்வளவுதான். சொல்கிறவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான், கேட்கிறவனுக்குக் காது இல்லை. ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினான். நாலைந்து தட்டுக்குப் பிறகு விட்டது.

பெட்டியை மூடப் போனவன் கை நின்றது. அப்போதுதான் பக்கத்திலிருந்த பிழியிற மிஷின் ஓட ஆரம்பித்திருந்தது. ஈரத் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் அது பேய் பிடித்த மாதிரி ஆடும், தரை முழுக்க அதிரும். அந்த அதிர்வில் பெட்டிக்குள் லேசாக ஒரு 'டிக்' கேட்டது. பச்சை விளக்கு எரியவில்லை. பொத்தானை யாரும் தொடவில்லை. யாருமே முன்னால் நிற்காத பிரஸ்ஸின் தலை, சர்ரென்று இறங்கி, வெறும் பலகையில் டமார் என்று உட்கார்ந்தது.

அவன் மறுபடியும் தட்டித் தலையை ஏற்றினான். இத்தனை நாளும் ஒட்டிக்கொண்டால் விடுவதில்லை என்பதுதான் எல்லாருக்கும் தொல்லையாக இருந்தது. துணி கருகும், திட்டு விழும், அதோடு சரி. தட்டினால் விடுகிற முனை, அதிர்ந்தால் ஒட்டவும் செய்யும் என்று ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? ஒவ்வொரு விரிப்பையும் பலகையில் போட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவித் தடவிச் சுருக்கம் எடுப்பது அவன் பெண்டாட்டி. அந்த நேரத்தில் இந்தச் சனியன் 'டிக்' என்றால்?

அவன் ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டி வந்தான். மிஷின்களுக்கு ஒரு குணம் உண்டு. பெரிய மனுஷர்கள் வந்து நின்றால் ஒழுங்குப் பிள்ளையாகிவிடும். பிழியிற மிஷின் ஆடியது, தரை அதிர்ந்தது, மேனேஜரின் சட்டைப்பையில் பேனாகூட ஆடியது. பிரஸ் மட்டும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி மேலேயே நின்றது. கரண்டு கதவைத் தட்டிப் பார்த்தான், பெட்டியை உலுக்கிப் பார்த்தான். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன் சார் என்று அவன் சொன்னபோது, அவனுக்கே அது பொய் போலக் கேட்டது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அதுதான் அதில் பெரிய கஷ்டம். கெட்டவராயிருந்தால் சண்டை போடலாம். அவர் அங்கேயே நின்று சர்வீஸ்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மிஷின் வாடகைக்கு எடுத்தது. பெட்டிக்குள் எது மாற்றினாலும் மிஷின் கம்பெனிதான் மாற்ற வேண்டும். சர்வீஸ்காரர் என்பது அவர்களுக்கு ஒரு குரல்தான், முகம் பார்த்தவர் யாருமில்லை. குரல் பொறுமையாக எல்லாம் கேட்டது. பச்சை விளக்கு எரியுதா, அணைஞ்சிருக்கா? அணைஞ்சிருக்கு. அப்போ புரோகிராம்ல குத்தமில்லை, கார்டு மாத்தணும். இது பழைய மாடல், வெளிநாட்டிலிருந்து வரணும், வந்துகிட்டிருக்கு. எப்போ வரும்? வந்ததும் சொல்றோம். வால்வு ஒயரை வெளியே எடுத்து, பொத்தான் வழியாகத் தனியாக ஒரு ரிலே போட்டுக்கொள்ளட்டுமா, அரை நாள் வேலை என்று கரண்டு கேட்டான். குரல் சட்டென்று மாறிவிட்டது. உள்ளே கை வைத்தால் அப்புறம் எது நடந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை, மிஷினையே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றது.

அப்போ கார்டு வர்ற வரைக்கும் நிறுத்தி வைப்போம் சார் என்றான் கரண்டு. மேனேஜர் அவனை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார். வெளியே ஆஸ்பத்திரி வேன் நின்றது. டிரைவர் காலி டிராலிகளை இறக்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரி அது.

"இருக்கறது ஒரே பிரஸ்ஸு. நிறுத்தறேன், சரி. ஆபரேஷனை எல்லாம் தள்ளி வைங்கன்னு நான் போய்ச் சொல்லவா, நீ போய்ச் சொல்றியா?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தி, ஒரு தடவை நடந்ததாகச் சொல்வதை வைத்துக்கொண்டு பெண்களிடம் எதையாவது உளறி அவர்களைப் பயமுறுத்திவிடாதே, பார்த்து ஓட்டிக்கொள்வோம் என்று தோளைத் தட்டினார். கரண்டு தலையாட்டினான். ஏன் ஆட்டினான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. அன்றைக்கு மிச்ச நேரமும் ஏதேதோ சாக்குச் சொல்லிப் பிரஸ்ஸின் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தான். பெண்டாட்டிக்குச் சிரிப்பு வந்தது. என்ன, இன்னைக்கு என்மேல ரொம்பப் பாசமா இருக்கு என்று மற்றவர்கள் காதில் விழும்படி கேட்டாள். கூடமே சிரித்தது.

சாயங்காலம் வீட்டில் மகள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி அவளுடைய பள்ளிக்கூடச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூலைக் கோக்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூல் நுனியை உதட்டில் நனைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டினாள். கரண்டு அந்தக் கைகளையே பார்த்தான். பெண் பார்க்கப் போன அன்றுகூட இப்படிப் பார்த்ததில்லை. ஆவி பட்டு மணிக்கட்டுக்கு மேலே தோல் நிறம் மாறியிருந்தது. ஓயாமல் ஈரத் துணியைத் தடவித் தடவி உள்ளங்கையில் ரேகையே பாதி அழிந்திருந்தது. இந்தக் கையால்தான் மகளுக்குத் தலை பின்னுகிறாள். தனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் வைக்கிறதும் இதே கைதான்.

"நாளைக்கு லீவு போடேன்."

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

"சும்மா லீவு போடறதுக்கு நான் என்ன மேனேஜரா?" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

ஒன்றுமில்லை என்றான். சொல்லிவிட்டால் காலையில் கூடம் முழுக்கத் தெரிந்துவிடும், அவள் வாயைக் கட்ட முடியாது. மேனேஜரிடம் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறான். அதைவிட, சொன்னால் அவள் என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். அப்போ நீங்க அதைச் சரி பண்ணுங்க என்பாள். அவன் எலக்ட்ரீசியன். சரி பண்ணத் தெரிந்தவன். சரி பண்ண முடியாது என்று பெண்டாட்டியிடம் எந்த வாயால் சொல்வது? படுத்த பிறகும் தூக்கம் வரவில்லை. அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான். தூக்கத்திலேயே அவள் அதை உருவிக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் காலையில் பெண்கள் வருவதற்கு முன்பே சூப்பர்வைசரைப் பிடித்தான். அவளுக்குத் தோள்வலி, கொஞ்ச நாளைக்கு மடிக்கிற மேஜையில் போடுங்க என்று கேட்டுக்கொண்டான். ஆகட்டும் என்றார் ஆகட்டும். ஆச்சரியம், இந்தத் தடவை உண்மையாகவே ஆகிவிட்டது. பெண்டாட்டியை மேஜைக்கு அனுப்பிவிட்டு, பிரஸ்ஸுக்கு வேறொருத்தியை நிறுத்தினார். கரண்டுக்கு அக்கடா என்று மூச்சு வந்தது. ஆனால் அந்த மூச்சு பாதியிலேயே நின்றது, ஏனென்றால் வந்து நின்றவள் ரயில்.

ரயில் என்பது அந்தப் பெண்ணுக்குக் கூடம் வைத்த பெயர். வாயைத் திறந்தால் ஸ்டேஷன் வராமல் நிற்க மாட்டாள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறவள். பிள்ளை குப்புற விழுந்ததிலிருந்து ராத்திரி எத்தனை தடவை அழுதது என்பது வரைக்கும் கூடத்துக்கே மனப்பாடம். பேசுவது வாயால் மட்டுமில்லை, இரண்டு கையாலும்தான். விரிப்பைப் பலகையில் போடுவாள், பாதி தடவுவாள், ஏதோ ஞாபகம் வரும், ஒரு கையைப் பலகைமேல் ஊன்றிக்கொண்டு அப்படியே பின்னால் திரும்பிப் பேச ஆரம்பித்துவிடுவாள். இரும்புத் தலை அவள் கைக்கு மேலே ஆவி விட்டுக்கொண்டு நிற்கும்.

கரண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். பிழியிற மிஷினில் துணி போட்டு மூடினார்கள். அது சுழல ஆரம்பித்தது. தரை லேசாக அதிர ஆரம்பித்தது. ரயில் கையை ஊன்றிக்கொண்டு, புள்ளைக்குப் பல்லு முளைக்குதுடி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கரண்டு ஒரே பாய்ச்சலாய்ப் போய் மிஷினுக்குப் பின்னால் காற்றுக் குழாயைத் திறந்து மூடும் கைத்திருப்பியைப் பிடித்துச் சாத்தினான். காற்றே இல்லையென்றால் எந்த ரிலே ஒட்டினாலும் தலை இறங்க முடியாது. ரயில் ஒன்றும் புரியாமல் பொத்தான்களை அழுத்திப் பார்த்தாள். "என்னண்ணே, இதுவும் செத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

மடிக்கிற மேஜையிலிருந்து பெண்டாட்டி வந்துவிட்டாள். அவனுடைய முகம் அவளுக்குப் புத்தகம். ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய் என்ன என்று ஒரே வார்த்தைதான் கேட்டாள். அவன் சொல்லிவிட்டான். ஆளில்லாமல் தலை இறங்கியது, குரல் சொன்னது, மேனேஜர் சொன்னது, தோள்வலி என்று தான் சொன்ன பொய், எல்லாவற்றையும். அவள் குறுக்கே பேசவே இல்லை. அவன் முடித்ததும் பிரஸ்ஸின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ரயில் அங்கே கையை ஆட்டி ஆட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"என் கை மட்டும்தான் கையா?" என்றாள்.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அவள் நேரே போய் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். ரயில் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றாள். தன் இரண்டு கைகளையும் எடுத்து முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்து கூடம் பார்த்தது அன்றுதான்.

மேனேஜர் வந்தார், ஆகட்டும் வந்தார், ஆளாளுக்குப் பேசினார்கள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றார் மேனேஜர். வேண்டாமென்றால் ஏஜென்சியில் சொல்லி நாளைக்கே வேறு ஆள் வரவழைத்துக்கொள்கிறேன், அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்கு ஏதாவது சமாதானம் சொல்கிறேன் என்றார். முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண்டாட்டிதான் பேசினாள்.

"நாம மாட்டோம்னா, ஒண்ணுமே தெரியாத ஒருத்தியைக் கூட்டியாந்து இங்க நிறுத்துவாங்க. அவகிட்ட யாரும் எதையும் சொல்லக்கூட மாட்டாங்க." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "நான் நிக்கறேன். நீங்க அந்தக் காத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஆயிரம் காரணம் இருந்தது. போய்த் திருப்பியைப் பிடித்துக்கொண்டான்.

அப்படித்தான் அந்தக் காலை போயிற்று. அவள் விரிப்பைப் போட்டுத் தடவுவாள், அவன் திருப்பியைச் சாத்திப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவள் கையை எடுத்துப் பொத்தான்களில் வைத்துக்கொண்டு "ம்" என்பாள். அவன் திறப்பான். தலை இறங்கும், ஆவி பறக்கும். பிறகு அவன் சாத்துவான், ரிலே விட்டாலும் விடாவிட்டாலும் தலை ஏறிவிடும். பெட்டிக்குள் பச்சை விளக்கு பாட்டுக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்தது, அதை யாரும் மதிக்கவில்லை. கரண்டுக்குத் தோள் இற்றுப்போனது. கண்ணில் வியர்வை இறங்கினாலும் துடைக்கப் பயமாக இருந்தது, துடைக்கிற நேரத்தில் புத்தி குழம்பி மாற்றித் திருப்பிவிட்டால்? இப்படி எத்தனை நாளைக்கு? கார்டு வருகிற வரைக்குமா? கார்டு எங்கே வருகிறது, எந்தக் கடலில் மிதக்கிறது? இருந்தாலும் உள்ளுக்குள் சின்னதாக ஒரு தெம்பும் இருந்தது. தன் கை அந்தத் திருப்பியில் இருக்கும் வரை அவள் கைக்கு ஒன்றும் ஆகாது. அது ஒன்றுதான் அவனால் முடிந்தது.

பாய்லர் ரூமில் மணி அடித்தது அப்போதுதான்.

பாய்லரில் தண்ணீர் குறைந்தால் அடிக்கிற மணி அது. அதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. பாய்லர்க்காரர் கதவருகே வந்து கரண்டு, கரண்டு என்று கத்தினார். பம்பு ஓடவில்லை, ஸ்டார்ட்டர் இழுக்கவில்லை. போகாவிட்டால் இந்தப் பிரஸ் மட்டுமில்லை, கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. கரண்டு பெண்டாட்டியைப் பார்த்தான். "போங்க" என்றாள். அவன் காற்றைச் சாத்தினான். அதோடு விடவில்லை. ஸ்பேனரை எடுத்து, திருப்பியின் நட்டைக் கழற்றி, கைப்பிடியைத் தனியாக உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கைப்பிடி இல்லாமல் யார் திறக்க முடியும்? நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க என்று ஆகட்டுமைப் பார்த்துச் சொன்னான். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று சொல்லவே வேண்டாம்.

பாய்லர் ரூமில் வெக்கை முகத்தில் அறைந்தது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கீழே கிடந்தது. நெருப்பை அணைக்கச் சொல்லிவிட்டு ஸ்டார்ட்டரைத் திறந்தான். ஒரு ஒயர் திருகிலிருந்து கழன்று தொங்கியது, அவ்வளவுதான். மாட்டி முடுக்கினான். பம்பு முனக ஆரம்பித்தது. குழாயில் தண்ணீர் ஏறுவதைப் பாய்லர்க்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஆஸ்பத்திரி வேனின் ஹாரன் கேட்டது. ஒரு தடவை. பிறகு நீளமாக இன்னொரு தடவை.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் புஸ் என்று ஒரு சத்தம்.

அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும், குழாயில் காற்று ஏறுகிற சத்தம். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். கைப்பிடி பத்திரமாக இருந்தது. அப்படியானால் மொட்டைத் தண்டைக் குறட்டால் பிடித்துத் திருப்பியிருக்கிறார்கள். நான் நிக்கறேன்ல, நீ ஓட்டு, வேன் காத்துக்கிட்டிருக்கு என்று ஆகட்டும் சொல்லியிருப்பார். அது அவன் மனதில் ஓடி முடிவதற்குள் காலடியில் தரை அதிர ஆரம்பித்தது. பிழியிற மிஷின். முதலில் மெல்ல, பிறகு கதவு ஜன்னலெல்லாம் நடுங்கும்படியாக.

அவன் ஓடினான். பாய்லர் ரூமுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற நடை எத்தனை நீளம் என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. நடுவில் ஈரத் துணி டிராலி ஒன்று நின்றது, அதை இடித்துத் தள்ளினான். டமார் என்ற சத்தம் அவன் கதவை அடைவதற்கு முன்பே கேட்டுவிட்டது.

கூடம் முழுக்க ஆவி. இரும்புத் தலை கீழே இறங்கிக் கிடந்தது. அதன் பின்னால் ஆகட்டும், கையில் குறடு, வாய் ஆடுகிறது, சத்தம் வரவில்லை. ரயில் மரக்கட்டையை எடுத்துப் பெட்டிக் கதவைத் தட்டினாள். விடவில்லை. மறுபடியும் தட்டினாள். அழுதுகொண்டே தட்டினாள். பெண்டாட்டி பிரஸ்ஸுக்கு முன்னால் அசையாமல் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள், பத்து விரல்களும் விரிந்திருந்தன. அவன் கண்ணால் அவற்றை எண்ணினான், பாதியில் விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.

தலைக்கடியில் விரிப்பு புகைய ஆரம்பித்திருந்தது. அவன் பின்பக்கம் போய்ச் சட்டைப்பையிலிருந்து கைப்பிடியை எடுத்தான். குறடு கடித்ததில் தண்டின் முனை மழுங்கியிருந்தது. மாட்டப் பார்த்தான், வழுக்கியது. மறுபடியும் வைத்தான், மறுபடியும் வழுக்கியது. ஒண்ணும் ஆகலை, கையை இறக்கு என்று சொல்ல நினைத்து நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கைகள் இன்னும் மேலேயே இருந்தன.